விவாத இழை: ஓக்லாந்து அத்லெடிக்ஸ் போய்விட்டது, ரசிகர் எங்கே போவது?

#1 ஹேவர்ட்வாசி

நண்பர்களுக்கு வணக்கம். இந்த மன்றத்தில் பேஸ்பால் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த தைரியத்தில் கேட்கிறேன்.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்து கொலிசியத்தில் அத்லெடிக்ஸ் கடைசி ஆட்டத்தை ஆடி, டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றது. வந்திருந்தவர்கள் 46,889 பேர். அடுத்த ஆண்டே சாக்ரமென்டோவில் ஒரு சிறு லீக் (கீழ்நிலை அணிகள் ஆடும்) மைதானத்துக்கு அணி குடிபோனது. 2028இல் லாஸ் வேகாஸில் புது மைதானம் தயாராகும் என்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அதற்கு ஊர்ப் பெயரே கிடையாது, வெறும் ‘அத்லெடிக்ஸ்’.

இந்த அணியை இன்னும் தொடர்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா, வேறு அணிக்குத் தாவிவிட்டீர்களா? காரணத்தோடு எழுதுங்கள். நான் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. ஆட்டக்காரர்கள் மேல் கோபம் எதுவும் இல்லை, முதலாளிக்கு மட்டும் என் பையிலிருந்து இனி ஒரு காசு போகாது. பேஸ்பாலை விடவும் மனம் வரவில்லை. ஆக, அணி இல்லாத ரசிகன். அப்படி ஒரு பிறவி இருக்க முடியுமா?

#2 ஆரஞ்சுக்கட்சி

பாலத்தைத் தாண்டினால் சான் பிரான்சிஸ்கோ. விரிகுடாவுக்குள் போய் விழும் ஹோம் ரன்கள், 2010, 2012, 2014 என்று மூன்று கோப்பைகள். ஜெயன்ட்ஸ் கதவு எப்போதும் திறந்திருக்கிறது அண்ணா. தொப்பி என் செலவு.

#3 ஹேவர்ட்வாசி

1989 உலகத் தொடரில் (பருவத்தின் இறுதிக் கோப்பைத் தொடர்) உங்களை நான்குக்கு பூஜ்யம் என்று அனுப்பிவைத்தோம். மூன்றாவது ஆட்டத்துக்குச் சற்று முன் லோமா பிரியெட்டா பூகம்பம் வந்து பத்து நாள் தொடர் நின்றது. அவ்வளவு ஓய்வு கிடைத்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. இந்த வயதில் என்னைக் கட்சி மாறச் சொல்லாதீர்கள் தம்பி.

#4 திருவல்லிக்கேணி

எனக்கு பேஸ்பால் தெரியாது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மகள் ஃப்ரீமான்டில் இருப்பதால் இந்த மன்றத்தை எட்டிப்பார்க்கிறேன். அடிப்படைச் சந்தேகம் ஒன்று: ஓர் ஊரின் அணியை ஒருவர் எப்படித் தூக்கிக்கொண்டு போக முடியும்? தமிழ்நாடு ரஞ்சி அணியை எந்தப் பணக்காரராவது இந்தூருக்குக் கொண்டுபோய்விட முடியுமா? கேட்பதற்கு ஆள் இல்லையா?

#5 சான்ஹோசே செல்வி

ஐயா, முறையாகக் கேட்டீர்கள். கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், கேட்கவும் செய்தார்கள். நீதிமன்றம்தான் கேட்க விடவில்லை.

அமெரிக்காவில் அணி என்பது ஊரின் சங்கம் அல்ல. தனியார் சொத்து. லீக் என்பது அந்த முதலாளிகளின் கூட்டு. எந்த ஊரில் யார் கடை விரிக்கலாம் என்பதை அவர்களே கூடி முடிவு செய்கிறார்கள். வேறு எந்தத் தொழிலிலும் இப்படிச் சந்தையைப் பங்கு பிரித்துக்கொண்டால் ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். பேஸ்பாலுக்கு மட்டும் 1922இல் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. 1953இலும் 1972இலும் அதே நீதிமன்றம் அதைத் தொட மறுத்தது. கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் இந்தச் சலுகை இல்லை.

இதில் எங்கள் ஊருக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஓக்லாந்து அணிக்குப் புது மைதானம் தேடும் கதை பல ஆண்டுகள் ஓடியது. 2006இல் ஃப்ரீமான்ட் என்றார்கள். உங்கள் மகள் இருக்கும் ஊரேதான் ஐயா. 2009இல் அதைக் கைவிட்டார்கள். அடுத்து சான் ஹோசே. இங்கே இடமும் தயார், ஊரும் தயார். ஆனால் சான்டா கிளாரா மாவட்டம் ஜெயன்ட்ஸ் அணியின் ‘எல்லை’ என்று லீக் ஏட்டில் எழுதியிருந்தது. எப்படி வந்தது அந்த எல்லை? 1990 வாக்கில் ஜெயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவை விட்டு இந்தப் பக்கம் வர ஆசைப்பட்டபோது, அப்போதைய ஓக்லாந்து முதலாளி வால்டர் ஹாஸ் பெருந்தன்மையாக, ஒரு டாலர்கூட வாங்காமல் சம்மதித்தார். ஜெயன்ட்ஸ் இங்கே வரவும் இல்லை, பெற்ற உரிமையைத் திருப்பித் தரவும் இல்லை. 2013இல் சான் ஹோசே நகராட்சி லீக்கின் மேல் வழக்குப் போட்டது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே 1922 விலக்கைக் காட்டித் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஆரஞ்சுக்கட்சி, தொப்பி வாங்கித் தருவதற்கு முன் இதையும் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

#6 கணக்கர்

கண்ணீரை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம்.

கொலிசியம் 1966இல் திறந்தது. பேஸ்பாலுக்கும் கால்பந்துக்கும் பொதுவாகக் கட்டியது, இரண்டுக்கும் முழுப் பொருத்தம் இல்லை. 2013இல் ஆட்டம் முடிந்து வீரர்கள் குளிக்கப் போனால் கழிவுநீர் பொங்கி நின்றது. எதிரணி வீரர்களும் இவர்களும் கால்பந்து அணியின் உடைமாற்றும் அறைக்கு ஓடினார்கள். 2023இல் எதிரணித் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் உட்காரும் அறைக்குள் பொசம் என்ற, பெரிய எலி போன்ற விலங்கு ஒன்று குடியிருந்ததால் அந்த அறையையே மாற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம் பழைமையின் அழகு என்று ரசிகர்கள் கொஞ்சலாம். தொழில் நடத்துகிறவர் கொஞ்ச முடியாது.

வருகையையும் பாருங்கள். 2023 பருவம் முழுவதும் சேர்த்து சுமார் 8.3 லட்சம் பேர். 30 அணிகளில் கடைசி. நெவாடா அரசு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தருகிறேன் என்றது. முதலாளி ஜான் ஃபிஷர் போனார். நீங்களும் நானும் சம்பளம் கூடினால் வேலை மாறுகிறோமே, அதேதான் இது. கூடைப்பந்து அணி வாரியர்ஸ் 2019இல் பாலத்தைத் தாண்டிப் போனார்கள், கால்பந்து அணி ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகாஸுக்கே போனார்கள். ஒரே ஊரிலிருந்து மூன்று அணிகள் கிளம்பினால், குறை போனவர்களிடம் மட்டும் என்று எப்படிச் சொல்வது?

#7 வெளிமேடை

கணக்கர் தந்த எண்கள் சரி. எதற்குப் பின் எது வந்தது என்பதை மட்டும் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்.

2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டும் தொடர்ந்து பிந்தைய சுற்றுக்கு, அதாவது கோப்பைக்கான ஆட்டங்களுக்கு, போன அணி அது. 2022 பருவம் தொடங்குவதற்குள் மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். ஆண்டு முடிவதற்குள் ஷான் மர்ஃபியும் போனார். நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு அதே சமயத்தில் சீசன் டிக்கெட் விலையை ஏற்றினார்கள். கூட்டம் குறைந்தது. பிறகு ‘கூட்டம் வரவில்லை, என்ன செய்ய’ என்றார்கள். கடையில் சரக்கை எடுத்துவிட்டு வாடிக்கையாளரைக் குறை சொல்வதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள்?

அதற்கு ரசிகர்கள் சொன்ன பதில்தான் 2023 ஜூன் 13. தலைகீழ்ப் புறக்கணிப்பு என்று பெயர் வைத்தோம். வழக்கமான புறக்கணிப்பில் யாரும் போகமாட்டார்கள். ஏற்கெனவே யாரும் போகாத இடத்தில் அதனால் என்ன பயன்? ஆகவே ஒரே ஒரு நாள் எல்லோரும் போவது என்று முடிவானது. ஒரு ரசிகரின் யோசனை, ரசிகர் குழுக்கள் கையில் எடுத்து நடத்தியது. பணம் திரட்டி, ‘விற்றுவிடு’ என்று பொருள்படும் ஒரே சொல் அச்சிட்ட பச்சைச் சட்டைகளை ஆயிரக்கணக்கில் வாசலில் இலவசமாகக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை, வேலை நாள். வந்தவர்கள் 27,759 பேர். லீக்கிலேயே மோசமான நிலையில் இருந்த அணி, அன்று முன்னணியில் இருந்த டாம்பா பே ரேஸை 2-1 என்று வென்றது.

நான் ரசிகர்கள் அடிக்கும் முரசுக்குப் பக்கத்தில், வலது வெளிமைதானப் படிகளில் இருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் வரும்போது யாரும் சத்தம் போடக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. குடித்தவர்கள், குழந்தைகள், எதிரணி ரசிகர்கள் எல்லோரும் கலந்த கூட்டம் எப்படிப் பேசாமல் இருக்கும்? இருந்தது. முரசு நின்றது. பந்து கேட்சரின் கையுறையில் போய் அறைகிற ஓசை மேல் அடுக்கு வரை கேட்டது. நடுவரின் குரல் கேட்டது. அந்த பேட்டரின் முறை முடிந்த நொடியில் மொத்த மைதானமும் ‘அணியை விற்றுவிடு’ என்று வெடித்தது. என் பக்கத்திலிருந்த முரசுக்காரர் ஒரு குச்சியை உடைத்துவிட்டு, மிச்சத் துண்டோடு அடித்துக்கொண்டிருந்தார்.

அதே நாளில் நெவாடா செனட் மைதான மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்தும் ஆயிற்று. பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃபிரெட் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒரு நாளைக்காவது லீக்கின் சராசரியை நெருங்கும் கூட்டம் வந்தது நல்லதுதான் என்கிற தொனியில் பேசினார். அந்த ஏளனம் நிறையப் பேரை விரட்டிவிட்டது. தோற்றதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

#8 கணக்கர்

அன்றைய டிக்கெட் வசூலை, எட்டு லட்சம் டாலருக்கு மேல், அந்தப் பகுதி உணவு வங்கிக்கும் பள்ளிக் கல்வி நிதிக்கும் அணி கொடுத்தது. அதையும் எழுதியிருக்கலாமே.

#9 வெளிமேடை

கொடுத்தார்கள், நல்ல காரியம். அந்தப் பணம் வாசலுக்கு வந்தது எங்களால்.

#10 கேன்சஸ் குமரன்

கேன்சஸ் சிட்டியிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் ஓக்லாந்துக்காக அழுகிறீர்கள், சரி. இந்த அணி ஓக்லாந்துக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் எழுதவில்லையே?

அத்லெடிக்ஸ் பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில், 1901இல். கானி மேக் என்பவர் 1950 வரை, ஐம்பது பருவங்கள், அதன் மேலாளர். ஐந்து உலகத் தொடர்களை அங்கே வென்றார்கள். சட்டையில் இருக்கும் யானையும் அந்த ஊர்ச் சரக்குதான். நியூயார்க் ஜெயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா, பராமரிக்கக் கட்டுப்படியாகாத ‘வெள்ளை யானை’ என்று இந்த அணியைக் கேலி செய்தார். மேக் அந்த யானையையே சின்னமாக வைத்துக்கொண்டார். 1955இல் யானை எங்கள் ஊருக்கு வந்தது. பதின்மூன்று பருவம், ஒரு பருவத்தில்கூட வென்ற ஆட்டங்கள் தோற்றதைத் தாண்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நல்ல இளைஞர்கள் சேர்ந்தார்கள்: ரெஜி ஜாக்சன், கேட்ஃபிஷ் ஹன்டர், பெர்ட் கம்பனெரிஸ். மரம் காய்க்கப்போகும் நேரத்தில் முதலாளி சார்லி ஃபின்லி 1967 முடிவில் ஓக்லாந்துக்குப் பிடுங்கிக்கொண்டு போனார். 1972, 73, 74 என்று மூன்று கோப்பைகளும் அங்கே போய்க் காய்த்தவை. எங்கள் செனட்டர் ஸ்டுவர்ட் சைமிங்டன், ஃபின்லியைப் பெற்ற ஓக்லாந்தைப் பற்றி ஹிரோஷிமாவோடு ஒப்பிட்டுச் சொன்னது இன்றும் இந்த ஊரில் மேற்கோள் காட்டப்படுகிறது. நயமான பேச்சு அல்ல, கோபம் அப்படி.

செனட்டர் போட்ட சத்தத்தில் 1969இல் எங்களுக்கு ராயல்ஸ் கிடைத்தது. ஓக்லாந்தில் 57 பருவங்கள் இருந்தார்கள், வாஸ்தவம். ஆனால் திருடு கொடுத்தவர் வீட்டிலும் ஒரு திருட்டுப் பொருள் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

#11 ஹேவர்ட்வாசி

குமரன், சுருக்கென்று தைக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் 1968இல் ஓக்லாந்தில் முதல் டிக்கெட் வாங்கிய துறைமுகத் தொழிலாளி எதையும் திருடவில்லை. அவர் வாசலில் ஓர் அணி வந்து இறங்கியது, அவர் போய் உட்கார்ந்தார், மகனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மகன்கள் வரிசையில்தான் ரிக்கி ஹென்டர்சன் வருகிறார். ஓக்லாந்தில் வளர்ந்த பையன், ஓக்லாந்து டெக்னிக்கல் பள்ளி. 1982இல் ஒரே பருவத்தில் 130 பேஸ் திருடினார், அதாவது பிட்சர் பந்தை எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். 1991 மே 1 அன்று அதே கொலிசியத்தில் 939ஆவது திருட்டோடு லூ பிராக்கின் சாதனையை முறியடித்து, பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஓய்வுபெறும்போது எண்ணிக்கை 1,406. கடைசி ஆட்டத்தன்று பழைய பிட்சர் டேவ் ஸ்டூவர்ட்டோடு அவரும் வந்து தொடக்கப் பந்தை எறிந்தார். டிசம்பரில் காலமாகிவிட்டார். அவரைத் தூக்கி லாஸ் வேகாஸில் வைக்க முடியாது. இதுதான் என் வாதம்: ஃபிஷர் எடுத்துப்போனது உரிமப் பத்திரத்தை. ஆட்டத்தின் நினைவு யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு அவர் எதையும் விற்க முடியாது.

நான் மைதானத்தில் ஸ்கோர் எழுதுகிற ஆள். திருவல்லிக்கேணி ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஆட்டத்தை முதலில் கட்டம்போட்டு எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்து வழக்கப்படுத்திய ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் தம்பிதான் எங்கள் அட்டை. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளிமைதானம் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட் என்றால் 6-4-3. மூன்று எண்களில் ஒரு முழு நிகழ்வு அடங்கிவிடும். பேட்டர் மட்டையை அசைக்காமலே மூன்றாம் ஸ்ட்ரைக் வாங்கினால் ‘கே’ எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும்.

என்னிடம் 2002 செப்டம்பர் 4 அட்டை இருக்கிறது. தொடர்ச்சியாக இருபதாவது வெற்றிக்கான ஆட்டம். எதிரணி குமரனின் ராயல்ஸ். மூன்று இன்னிங்ஸில் 11-0 என்று ஓக்லாந்து முன்னிலை. எழுதுகிறவனுக்கு அப்போது வேலை சுலபம், கட்டங்கள் நிரம்பி வழிந்தன. பிறகு ராயல்ஸ் ஓட்டங்களைச் சேர்த்து 11-11. என் அட்டையில் அந்த எட்டாவது, ஒன்பதாவது கட்டங்களில் பென்சில் காகிதத்தை ஓட்டை போட்டிருக்கிறது, அவ்வளவு அழுத்தம். ஒன்பதாவதின் கீழ்ப்பாதியில் மாற்று பேட்டராக வந்த ஸ்காட் ஹாட்டிபர்க் ஹோம் ரன் அடித்து 12-11. அந்தக் கட்டத்தில் வைர வடிவத்தை மை போட்டு நிரப்ப வேண்டும். கை நடுங்கியதில் அது வைரமாக இல்லை, உருளைக்கிழங்காக இருக்கிறது.

கடைசி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் 5-3 என்று இருக்கிறது. மேசன் மில்லர் எறிந்தார், தரையில் உருண்ட பந்தை மூன்றாம் பேஸ்காரர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். மிகச் சாதாரணமான அவுட். எத்தனையோ முறை எழுதிய எண்தான்.

#12 திருவல்லிக்கேணி

ஹேவர்ட்வாசி, ஸ்கோர் எழுதுவதைப் படித்தவுடன் கை ஊறுகிறது. வானொலி கேட்டுக்கொண்டே ஓவர் ஓவராக நோட்டில் எழுதிய தலைமுறை நாங்கள். அந்த 5-3 முறையை முழுதாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

இன்னொன்று. இதே கொலிசியத்தில் கிரிக்கெட் நடந்ததாக மகள் சொன்னாளே?

#13 சான்ஹோசே செல்வி

நடந்தது ஐயா. 2025 ஜூனில் மேஜர் லீக் கிரிக்கெட் பருவத்தின் முதல் ஆட்டமே அங்குதான். சான் பிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸுக்காக ஃபின் ஆலன் 51 பந்தில் 151, அதில் 19 சிக்ஸர்கள். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸில் அதற்கு முன் யாரும் அத்தனை சிக்ஸர் அடித்ததில்லை. ஆடுகளத்தை வெளியே தயார் செய்து கொண்டுவந்து பதித்தார்கள். யூனிகார்ன்ஸ் அணிக்குப் பின்னால் இருக்கும் ஆனந்த் ராஜாராமன், வெங்கி ஹரிநாராயண் இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள் என்பதை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

நான் போயிருந்தேன். அணி போன மைதானத்தில் சமோசாவும் சட்னியுமாக ஒரு புதுக் கூட்டம். பழைய பச்சைத் தொப்பியோடு வந்த ஒரு பெரியவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கியவருக்கே அது முழுதாகத் தெரியவில்லை.

#14 வெளிமேடை

செல்வி, எனக்கு அது பிடிக்கவில்லை. கிரிக்கெட் மேல் வெறுப்பு இல்லை. ஆனால் நகராட்சி இதைக் காட்டி ‘பாருங்கள், கொலிசியம் உயிரோடு இருக்கிறது’ என்கிறது. விருந்தாளி வந்துவிட்டுப் போனால் குடும்பம் திரும்பிவிட்டதாக அர்த்தமா?

#15 சான்ஹோசே செல்வி

யாரும் அப்படிச் சொல்லவில்லை. பூட்டிக் கிடப்பதைவிடப் பத்தாயிரம் பேர் வந்து கத்துவது மேல் என்று மட்டும் சொல்கிறேன். 1981 அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்தில் கூட்டம் வரிசை வரிசையாக எழுந்து உட்காரும் அந்த ‘அலை’யை ரசிகர்களை உற்சாகப்படுத்தும் கிரேசி ஜார்ஜ் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கும்படி நடத்தியது இந்த மைதானத்தில். சேப்பாக்கத்திலும் அந்த அலை எழுகிறதே, அதற்கு யாராவது வாடகை கேட்டார்களா?

#16 ஆரஞ்சுக்கட்சி

செல்வி #5இல் எழுதியதைப் படித்தேன். கேலியை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன்.

1992இல் ஜெயன்ட்ஸும் போக இருந்தது. முதலாளி பாப் லூரி, ஃபுளோரிடாவின் டாம்பா பகுதி முதலீட்டாளர்களுக்கு 11.5 கோடி டாலருக்கு விற்கச் சம்மதித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் அப்பா, மாமா எல்லோரும் இழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்ததாகச் சொல்வார்கள். நவம்பரில் மற்ற முதலாளிகள் வாக்களித்து அதைத் தடுத்தார்கள். உள்ளூர்க் குழு ஒன்று குறைந்த விலைக்கு வாங்கியது. ஆக, முதலாளிகள் நினைத்தால் தடுக்க முடியும். 2023 நவம்பரில் ஓக்லாந்துக்காக அதே வாக்கெடுப்பு வந்தபோது 30க்கு 30 போகலாம் என்றார்கள். அந்த முப்பதில் எங்கள் அணியின் வாக்கும் ஒன்று. விரிகுடா முழுவதும் தனக்கே என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ரசிகன் என்ற முறையில் எனக்கு அது கசக்கிறது. ஆனாலும் நான் ஜெயன்ட்ஸ் பார்ப்பதை விடப்போவதில்லை. இது முரண்பாடா என்று கேட்டால், ஆம்.

#17 கணக்கர்

லாஸ் வேகாஸ் கணக்கும் இனிக்கவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை முதலாளியின் வக்கீல் என்பீர்கள். அங்கே ஆசிரியர் தரப்பு அந்த 38 கோடியை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்று மனுக் கொடுத்தது, 2024இல் நெவாடா உச்ச நீதிமன்றம் அந்த மனு வாசகத்தை ஏற்கவில்லை. சாக்ரமென்டோவில் சுமார் 14,000 பேர் கொள்ளும் மைதானம். அது ஜெயன்ட்ஸின் சிறு லீக் அணி ஆடும் இடம். அங்கே முதல் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று உதை வாங்கினார்கள். வேகாஸ் மைதானத்தின் கொள்ளளவு 33,000 பேர்.

ஆனால் ஹேவர்ட்வாசி சொல்வது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. நினைவு ரசிகனுடையது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால், அடுத்த தலைமுறைக்கு எதைக் காட்டுவீர்கள்? பென்சில் ஓட்டை போட்ட காகிதத்தையா?

#18 ஹேவர்ட்வாசி

வீட்டில் உட்காரவில்லை கணக்கர். மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பூங்காவுக்குப் போகிறேன். ஓக்லாந்து பாலர்ஸ் என்று ஓர் அணி. 2024 முதல் பயனீர் லீக்கில் ஆடுகிறது. மற்ற அணிகளில் பல மொன்டானா, ஐடஹோ, யூட்டா பக்கம். மேஜர் லீக் தரம் இல்லை, யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ரசிகர்களே சிறு சிறு தொகை போட்டுப் பங்குதாரர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். சில முடிவுகளில் அவர்களுக்கு வாக்கு உண்டு, ஊரை விட்டு நகர்வது உட்பட. அந்த ஒரு விதிக்காகவே நான் டிக்கெட் வாங்குவேன். பூங்காவின் பெயர் எர்னி ரைமண்டி நினைவாக. இந்தப் பகுதியில் ஆடிய பையன், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்.

அங்கே குறை இல்லை என்று சொல்லமாட்டேன். 2025 செப்டம்பரில் ஓர் ஆட்டத்துக்கு மேலாளர் முடிவுகளைச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டார்கள். பிட்சரை எப்போது மாற்றுவது என்று ஒரு டேப்லெட் கணினி சொல்கிறது! ரசிகர்கள் வறுத்தெடுத்தார்கள், நானும் ஒரு கை போட்டேன். அதே மாதத்தில் லீக் கோப்பையையும் வென்றார்கள். 1989க்குப் பிறகு ஓக்லாந்துக்குத் தொழில்முறை பேஸ்பாலில் கோப்பை வந்தது அப்போதுதான்.

#19 கேன்சஸ் குமரன்

நகர்வதற்கு ரசிகர் வாக்கு வேண்டும் என்ற விதி 1967இல் எங்களிடம் இருந்திருந்தால் ஹேவர்ட்வாசிக்கு ரிக்கி ஹென்டர்சன் கிடைத்திருக்கமாட்டார். யோசித்துப் பாருங்கள்.

#20 வெளிமேடை

குமரன், ஹென்டர்சன் எங்கள் தெருவில் வளர்ந்தவர். அவரை நாங்களே கண்டுபிடித்திருப்போம்.

#21 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. முதலாளியின் குடும்பத்தை இழுத்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நிர்வாகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள், வீட்டுக்குள் போக வேண்டாம்.

#22 திருவல்லிக்கேணி

நான் ஜூனில் ஃப்ரீமான்ட் வருகிறேன். இந்த பாலர்ஸ் ஆட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும், கூடவே ஸ்கோர் எழுதக் கற்க வேண்டும். படி ஏறுவது முழங்காலுக்கு ஆகாது. எப்படிப் போவது?

#23 ஹேவர்ட்வாசி

ஐயா, ஃப்ரீமான்டிலிருந்து பார்ட் ரயிலில் வெஸ்ட் ஓக்லாந்து நிலையம் வரலாம், நான் காரோடு அங்கே நிற்கிறேன். சின்ன மைதானம், படிகள் குறைவு, முதல் பேஸ் பக்கம் கீழ்வரிசையில் இடம் பிடிப்போம். ஜூன் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வந்துவிடாதீர்கள். சாயங்காலம் விரிகுடாக் காற்று எலும்பைக் குடையும், ஸ்வெட்டர் கட்டாயம். அட்டை என்னிடம் இருக்கிறது. பென்சில் மட்டும் உங்களுக்குப் பழகியதைக் கொண்டுவாருங்கள், ரப்பர் வைத்தது.

#24 ஆரஞ்சுக்கட்சி

நானும் வருகிறேன். ஆரஞ்சுத் தொப்பியோடு உள்ளே விடுவார்களா?

#25 வெளிமேடை

விடுவார்கள். முரசுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம்.